எழுத்துப்பிழையோடு வந்த கடன் அழைப்பு: நம் விவரங்கள் யாரிடமெல்லாம் இருக்கின்றன?

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். சென்ற வாரம் அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மகளிர் உரிமைத் தொகை வந்து விழும் வங்கிக் கணக்கைக் காட்டி ஐம்பதாயிரம் ரூபாய் வரை உடனடிக் கடன் பெறலாம் என்றும், கீழேயுள்ள சுட்டியைத் தொட்டால் போதும் என்றும் அதில் எழுதியிருந்தது. இத்தகைய செய்திகள் எல்லோருக்கும் வருபவைதாம் என்று அழித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அம்மாவின் பெயர் அதில் முழுமையாகத் தமிழில் இருந்தது. ‘அம்மாள்’ என்று முடிய வேண்டிய பெயர் ‘அம்மால்’ என்று முடிந்திருந்தது. எங்கள் குடும்ப அட்டையிலும் இதே பிழைதான். 2017-இல் பழைய புத்தக அட்டைக்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டு கொடுத்தபோது புகுந்த பிழை அது. திருத்தக் கோரி இரண்டு முறை மனுக் கொடுத்துவிட்டு, மூன்றாம் முறை அலைய மனமின்றி விட்டுவிட்டோம்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். “நம்மகிட்ட என்ன கொட்டிக் கிடக்குதுன்னு எடுத்துக்கப் போறான், விடு” என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சொல்லுக்கு எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. இரவெல்லாம் யோசித்த பிறகு தோன்றியது இதுதான்: அவரிடம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தவனால்தான் அந்தச் செய்தியை அனுப்பியிருக்க முடியும். மாதம் ஆயிரம் ரூபாய் தவறாமல் வருகிறது என்பதும், வேறு வருமானம் இல்லை என்பதும், அவசரத்துக்குக் கைமாற்று வாங்கும் நிலையில் இருப்பவர் என்பதும் அவனுக்கு ஒரு பட்டியலிலிருந்து கிடைத்திருக்கின்றன. 2021 ஜூனில் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் குவியலில் எங்கள் வீட்டு அட்டையும் இருந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள ஏதேனும் வழி உண்டா? வசதியற்றவர்களின் விவரங்களுக்கு இத்தனை கிராக்கி ஏன் என்பது பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

நேரு வீதிக் கடைக்காரர் | திங்கள், இரவு 10.25

உங்கள் தாயார் சொன்னதில் ஒரு தெளிவு இருக்கிறது, தம்பி. நான் புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளாகத் துணிக்கடை நடத்துகிறேன். என்னுடைய விற்பனை வரித்துறைக்குத் தெரியும், வரவு செலவு வங்கிக்குத் தெரியும், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்கிறேன் என்பது கூகுளுக்குத் தெரியும். இதனால் எனக்கு இதுவரை ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை. கணக்கைச் சரியாக வைத்திருப்பவன் எதற்கு மிரள வேண்டும்? முன்பெல்லாம் முதியோர் உதவித்தொகை தபால்காரர் கையிலிருந்து வரும். பத்து இருபது அங்கேயே கழியும். இப்போது முழுத் தொகையும் கணக்கில் விழுகிறது. விவரங்களைக் கொடுத்ததனால்தானே இது முடிந்தது? ஒரு குறுஞ்செய்தி வந்ததற்காக முழு ஏற்பாட்டையும் சந்தேகிப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல் ஆகும். அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

லாஸ்பேட்டை நிரலாளர் | திங்கள், இரவு 11.10

எழுத்துப்பிழையை வைத்துக் குடும்ப அட்டைதான் மூலம் என்று முடிவு கட்டுவதில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. வங்கிகளிலும் கைபேசி நிறுவனங்களிலும் பெரும்பாலும் பெயர் ஆங்கிலத்தில்தான் பதிவாகியிருக்கும். அந்த ஆங்கிலப் பட்டியலை எவனோ மென்பொருளில் இட்டுத் தமிழாக்கியிருந்தால், ல, ள இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து என்பதால், மென்பொருள் இரண்டில் ஒன்றைத் தானாகத் தேர்ந்திருக்கும். உங்கள் ஸ்மார்ட் கார்டில் பிழை வந்ததுகூட ஒருவேளை இப்படித்தான் இருக்கலாம். ஆகவே ஒரே பிழை இரண்டு இடத்தில் இருப்பது, ஒன்றிலிருந்து மற்றொன்று எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. ஒரே வகை எந்திரத்தில் அரைத்த மாவு என்பதற்கு மட்டுமே அது சான்று.

நீங்கள் கேட்ட வழி நடைமுறையில் இல்லை. 2023 ஜூனில் கோவின் என்ற அரசுத் தளத்திலிருந்த கொரோனாத் தடுப்பூசி விவரங்கள் டெலிகிராமில் கிடைத்தபோது, கைபேசி எண்ணை இட்டால் பெயரும் அடையாள ஆவண எண்ணும் வந்து விழுந்தன. தளம் பாதுகாப்பாக இருக்கிறது என்று அரசு சொன்னது. அன்று தங்கள் விவரம் வெளியே போனதா என்பதைத் தனித்தனியாகத் தெரிந்துகொண்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அவையும் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. 250 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள 17-ஆம் பிரிவு இடம் வைத்திருக்கிறது. கூரையைச் சரியாக வேய்ந்துவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்ததைப் போன்றது இது.

கெடிலக்கரை | செவ்வாய், காலை 6.50

நிரலாளர் சொல்வது சரியே. நேற்று இரவே அம்மாவின் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. துப்பறிந்துவிட்டதாக நான் நினைத்தது அவசரம்தான். எனினும் கடைக்காரர் அண்ணன் சொல்வதுபோல் அழித்துவிட்டு வேலையைப் பார்க்க மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர் | செவ்வாய், முற்பகல் 11.15

புதுச்சேரியில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். பதிவேடுகளோடு வாழ்ந்தவன் என்பதால் அவற்றின் குணம் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: ஒரு பதிவேட்டை எதற்காகத் தொடங்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது, அது பின்னர் எதற்கெல்லாம் பயன்படும் என்பது நம் கையில் இல்லை.

எங்கள் ஊரிலேயே இதற்கு நூறாண்டு கடந்த சான்று உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் ‘எத்தா சிவில்’ என்ற பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருந்தன. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அன்று கையெழுத்திட்டவர் தம் காலத்து நன்மை தீமைகளைக் கணக்கிட்டே இட்டிருப்பார். 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியாவோடு சட்டப்படியான இணைப்பு நடந்தபோதும், அதன் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டபோதும், அந்தப் பழைய ஏடுகளே ஒரு குடும்பத்துக்குப் பாரிஸ் வழியைத் திறந்தன. இன்னொரு குடும்பத்துக்கு அடைத்தன. பாட்டனார் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் அலைகிறவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். இங்கே தற்செயலாக நன்மையும் விளைந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது பதிவு செய்தவன் நினைத்ததும் அன்று, பதிவானவன் நினைத்ததும் அன்று.

இனி அண்மைக் கதைக்கு வருகிறேன். 2015 செப்டம்பரில் உணவு மானியத்தைப் பணமாக வங்கிக் கணக்கில் செலுத்தும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது சண்டிகரிலும் புதுச்சேரியிலும்தான். இலவச அரிசியா, அரிசிக்குப் பணமா என்பது பின்னர் முதலமைச்சராக இருந்த நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடிக்கும் இடையே வழக்காகி, 2020-இல் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பணம்தான் என்று முடிந்தது. பிறகு 2024 தீபாவளியை ஒட்டி நியாயவிலைக் கடைகள் மீண்டும் திறந்தன. இத்தனை அரசியலுக்கும் நடுவில் ஒன்று மட்டும் ஓயாமல் நடந்தது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், கைபேசி எண். திட்டம் போனது, படிவம் போகவில்லை.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது பாரதிய ஜனதா கட்சியின் வாட்ஸ்அப் குழுக்களில் இணையுமாறு புதுச்சேரி வாக்காளர்களுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. ஆதாரோடு இணைத்த எண்களுக்கே அவை வந்தன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய எண்கள் என்றது கட்சி. தங்களிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்று நீதிமன்றம் கருதியது. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து போயின என்பதற்கு எனக்குப் புரிகிற மாதிரியான விடையை இன்றுவரை எவரும் சொல்லவில்லை. கடைக்காரர் நண்பர் கணக்கைச் சரியாக வைத்திருப்பவர்தான். ஆனால் அவர் யாருக்கு வாக்களிக்கக்கூடும் என்று ஊகிக்க உதவும் கணக்கையும் சேர்த்தா வைத்திருக்கச் சம்மதித்தார்?

முந்திரித்தோப்பு | செவ்வாய், மாலை 5.30

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை. ‘மறைக்க ஒன்றுமில்லை’ என்ற பொருளில் கடைக்காரர் ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்கு என் சித்தியின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

சித்தி இருபத்தைந்து ஆண்டுகளாக முந்திரிக்கொட்டை உடைக்கிறார். வறுத்த கொட்டையைக் கல்லின் மேல் நிறுத்தி, சிறு கட்டையால் ஒரே தட்டில் ஓட்டைப் பிளந்து பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் கூலி குறையும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனிகள் கறுத்து, வழவழவென்று ஆகிவிடும். நியாயவிலைக் கடையில் விரல் ரேகை வைக்கும் கருவி 2020 அக்டோபரில் வந்தது. சித்தி கட்டைவிரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். ஆள்காட்டி விரலை வைப்பார், மீண்டும் சிவப்பு. “ரேகை விழலம்மா, கையைக் கழுவிட்டு வா” என்பார் விற்பனையாளர். குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்க, பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, மகனை வரச்சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்புவார். பின்னர் கண் கருவிழி காட்டும் ஏற்பாடும் வந்தது. இப்போது ஓரளவு பரவாயில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் தன் அரிசியைத் தானே வாங்க முடியாதவராக, தான் தான்தான் என்று மெய்ப்பிக்க முடியாதவராக அவர் அந்த வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. கருவிக்குத்தான் அவர் தெரியவில்லை.

மகளிர் உரிமைத் தொகைக்கும் இதே கதை உண்டு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் என்று நிபந்தனைகள். நியாயமான நிபந்தனைகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில், மின் அட்டை எண்ணைக் கொடுத்த பெண்ணுக்கு முதலில் மறுக்கப்பட்டது. மேல்முறையீடு செய்து, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து, பிறகுதான் கிடைத்தது. ஆயிரம் ரூபாய்க்காக ஒரு பெண் தன் வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறது என்பதுவரை சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும் வரிச்சலுகை பெறுகிற ஆலை முதலாளியிடம் அவர் படுக்கையறையில் குளிர்சாதனம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

நேரு வீதிக் கடைக்காரர் | செவ்வாய், இரவு 9.05

சகோதரி எழுதியதைப் படித்து வருந்தினேன். சாம்பல் பூசிய கையைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆயினும் அது கருவியின் குறை, கருவியை மேம்படுத்தலாம். நான் சொல்ல வந்தது வேறு. யுபிஐ வந்த பிறகு என் கடைக்கு எதிரில் பூக்கட்டி விற்கும் அம்மாவுக்கும் வங்கியில் வரவு தெரிகிறது, அதைக் காட்டி அவர் கடன் வாங்க முடிகிறது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பதில்லை. இதைச் சாதனை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் அருகில் கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, மின்சாரமும் இல்லை, கைபேசிக் கோபுரமும் இல்லை. ரெயின்போ நகரில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். என்னிடம் ரொக்கமாக நூற்று நாற்பது ரூபாய்தான் இருந்தது. கணக்கில் லட்சக்கணக்கில் வைத்துக்கொண்டு பால்காரரிடம் கடன் சொன்னேன். அவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார், ஆதாரைப் பார்த்து அல்ல.

இன்னொன்று. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைக் கணக்கிட்டு ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு வணிகவரித் துறை அறிவிப்பு அனுப்பியது. உடனே பெங்களூருக் கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும். ஆனால் வசதிக்காகச் சேர்ந்துகொள் என்று அழைத்துவிட்டு, சேர்ந்த பிறகு அதையே சாட்சியாகக் கொண்டுவந்தால் சிறு வணிகனுக்கு நெஞ்சு திக்கென்றுதான் ஆகும். எழுத்தர் ஐயா பதிவேட்டின் குணம் பற்றிச் சொன்னதை அந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன், முழுமையாக அல்ல.

மஞ்சக்குப்பம் தணிக்கையாளர் | புதன், காலை 8.20

கணக்குத் தணிக்கை என் தொழில். ஏழைகளின் விவரத்தை இத்தனை பேர் பேசுகிறீர்கள். பணமுள்ளவர்களின் அந்தரங்கத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் அந்தரங்கம் என்பது சொத்தைப் போலவே பகிரப்பட்டிருக்கிறது.

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. ஆதாரை எதிர்த்த அந்த வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே அன்று என்று மத்திய அரசின் தரப்பில் வாதம் வைக்கப்பட்டது. அதே ஆண்டின் நிதிச் சட்டத்தில்தான் தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு வழி செய்யப்பட்டது. அந்தப் பத்திரங்கள் வழியே எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு நன்கொடை கொடுத்தது என்பது வாக்காளருக்குத் தெரியாமல் இருந்தது. அதை எதிர்த்த வழக்கில் அரசு முன்வைத்த வாதம் என்ன தெரியுமா? நன்கொடையாளரின் அந்தரங்கம். ஆதார் வழக்கில் செல்லாத நாணயம் பத்திர வழக்கில் செல்லும் நாணயமானது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திட்டத்தைச் செல்லாது என்றார்கள். மார்ச்சில் பட்டியல் வெளிவந்தது. லாட்டரி நிறுவனம் ஒன்று ஆயிரம் கோடிக்கும் மேல் கொடுத்து முதலிடத்தில் இருந்தது. வாங்கியவர்களில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லை. எங்கள் மாநிலக் கட்சிகளும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதை இங்கே கொடி பிடிப்பவர்கள் கவனிக்கவும்.

இன்னும் அடிப்படையான ஒன்று இருக்கிறது. 1957-இலிருந்து செல்வ வரிச் சட்டம் இருந்தது. 2015 நிதிநிலை அறிக்கையில் அதை நீக்கினார்கள். மரபுவழிச் சொத்தின் மீதான வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். இரண்டிலும் வசூல் சொற்பம், செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வசூல் குறைவு என்பது உண்மையே. ஆனால் அந்த வரிகளுக்கு இன்னொரு பயன் இருந்தது: யாரிடம் என்ன இருக்கிறது என்று அரசு எழுதி வைக்க வேண்டியிருந்தது. வரி போனபோது அந்த ஏடும் போயிற்று. உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் இருக்கிறது என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கை மாதிரி ஆய்வுகள், வருமான வரிப் புள்ளிவிவரங்கள், செல்வந்தர் பட்டியல்கள் ஆகியவற்றை ஒட்டுப்போட்டுத்தான் அவர்களால் போட முடிந்தது. கெடிலக்கரை நண்பரின் தாயாரைப் பற்றிச் சொல்ல இத்தகைய ஒட்டுவேலை எதுவும் தேவைப்படவில்லை. கடன் விற்பவனுக்கே அவர் கணக்கில் எந்த மாதம் எவ்வளவு விழுகிறது என்பது தெரிகிறது.

வேட்பாளர்கள் சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும் என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கிறது. அதை வாசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கையில் காரே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், வியப்பீர்கள்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9.00

கட்சிப் பெயர்களைச் சொல்வது தேவைப்படும் இடத்தில் தடையில்லை. ஆனால் தணிக்கையாளரின் பதிவுக்குக் கீழே வந்த மூன்று மறுமொழிகள் வசவாக மட்டுமே இருந்ததால் நீக்கப்பட்டன. பொருளை விட்டு விலகாமல் எழுதவும்.

முந்திரித்தோப்பு | புதன், மாலை 6.10

தணிக்கையாளர் ஐயாவின் பதிவு மனத்தில் தைத்தது. ஆனால் அதையே நீட்டினால் எனக்கு ஒரு சிக்கல் வருகிறது. எல்லா விவரத்தையும் மூடி வைப்பது ஏழைக்கு நல்லதா?

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் தோப்புகளை வேரோடு சாய்த்தது. பலாவும் முந்திரியும் படுத்துக் கிடந்தன. ஊரில் நிழல் என்பதே இல்லாமல் போயிற்று. நிவாரணப் பயனாளிகளின் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். நாங்கள் கூட்டமாக நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தோம். மாடி வீட்டுக்காரர் ஒருவர் பெயர் குடிசை இழந்தவர் வரிசையில் இருந்தது. ஒரு பாட்டி, சத்தம் போட்டே அந்தப் பெயரைப் படித்தார். மறுவாரம் அது அடிக்கப்பட்டது. சுவரில் பட்டியல் இல்லையென்றால் அது நடந்திருக்காது.

இப்போது புதிய தரவுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டது. முன்பு பொதுநலன் இருந்தாலோ, பொதுப்பணியோடு தொடர்பு இருந்தாலோ தனிநபர் தகவலைத் தரலாம் என்று அந்த 8(1)(ஒ) பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பொதுநலனைக் கருதித் தகவல் அளிக்க வேறொரு பிரிவு இருக்கிறது என்று அரசு சொல்கிறது. ஆனால் மறுக்க நினைக்கும் அலுவலருக்கு முதல் கதவே போதும். ஆக என் சித்தியின் கைபேசி எண் ஊரெல்லாம் போகும். எங்கள் ஊர்ச் சாலையைப் போட்ட ஒப்பந்தக்காரரின் விவரத்தை நான் கேட்டால் அது அவருடைய அந்தரங்கம் என்று பதில் வரும்.

லாஸ்பேட்டை நிரலாளர் | புதன், இரவு 10.45

சகோதரி எழுப்பிய சிக்கலுக்கு நான் வைத்திருக்கும் விடை எளியது. சுவரில் ஒட்டிய பட்டியலை ஊர்க்காரர் படிக்கலாம். படித்தவர் முகமும் தெரியும். கோப்பாக வெளியே போகும் பட்டியலை யார் படிக்கிறார், எதற்குப் படிக்கிறார் என்பது தெரியாது. முன்னதில் அதிகாரியை ஊர் பார்க்கிறது, பின்னதில் முகம் தெரியாத எவனோ ஊரைப் பார்க்கிறான். திசை மாறுகிறது.

கெடிலக்கரை நண்பருக்கு உடனடியாகப் பயன்படும் சில செய்திகள்: ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்தே எடுக்கலாம். ரேகையையும் கருவிழியையும் செயலியில் பூட்டி வைக்கலாம். கடன் செயலிகள் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது; கேட்டால் அது முறையான செயலி அன்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். கடையில் ரசீதுக்குக் கைபேசி எண் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை என்பது 2023 மே மாதமே நுகர்வோர் விவகாரத் துறை சொன்னது. கடைக்காரர் அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது.

நேரு வீதிக் கடைக்காரர் | வியாழன், காலை 7.15

கோபம் இல்லை. எங்கள் கடையிலும் கேட்கிறோம். தீபாவளித் தள்ளுபடிச் செய்தி அனுப்புவதற்காகத் தொடங்கினோம். நேற்று இரவு அந்தக் கணினியைத் திறந்து பார்த்தேன். பதினோராயிரம் எண்கள், பெயரோடு. கடவுச்சொல் கடையின் பெயர்தான். போன வருடம் வேலையை விட்டுப் போன பையனுக்கும் அது தெரியும். அதற்கு மேல் இப்போது எதுவும் எழுதத் தோன்றவில்லை.

கெடிலக்கரை | சனி, இரவு 8.30

எழுதிய அனைவருக்கும் நன்றி. இடைப்பட்ட நாட்களில் அம்மாவிடம் உட்கார்ந்து, குடும்ப அட்டை நகலை எங்கெல்லாம் கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதினோம். எரிவாயு இணைப்பு, முதியோர் மருத்துவ முகாம், சுயஉதவிக் குழு, இரண்டு வங்கிகள், தவணையில் வாங்கிய மாவரைக்கும் எந்திரம், பக்கத்துத் தெருவில் யாரோ மேசை போட்டு ‘மத்தியத் திட்டத்தில் பெயர் சேர்க்கிறோம்’ என்று வாங்கிய நகல். அந்த மேசைக்காரர் யார் என்று தெருவில் எவருக்கும் தெரியவில்லை. பதினான்கு இடம் வந்தபோது அம்மா, “போதும்டா, தலையைச் சுத்துது” என்றார். எந்த இடத்திலிருந்து போனது என்பதைக் கண்டுபிடிக்கும் ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன்.

நேற்று மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் வாங்கினோம். பொட்டலத்தைப் பிரித்த அம்மா, தின்னாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகல் எடுக்கும் கடையில் சரியாக விழாமல் ஒதுக்கிய தாள். கோணலாக விழுந்த ஓர் ஆதார் அட்டை. கறுத்துப்போன ஒரு பெண்ணின் முகம், கீழே பன்னிரண்டு இலக்கமும் தெளிவாக. 2022 மே மாதத்தில் ஆதார் நகலை எவருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்து, இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது அப்போது என் நினைவுக்கு வந்தது. அம்மா சுண்டலைக் கையில் கொட்டிக்கொண்டு, அந்தத் தாளை நாலாகக் கிழித்து, எண் இருந்த துண்டை இன்னும் சிறிதாகக் கிழித்து, மடியில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டார்.

இன்று காலை நகல் எடுக்கப் போனபோது, சரியாக விழாத இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மா நல்ல நகலின் குறுக்கே ‘கேஸ் புத்தகத்துக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியும் போட்டார், அடியில் கையெழுத்து. கடைசி ‘ள்’ மட்டும் மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. குடும்ப அட்டைப் பெயர்த் திருத்தத்துக்கு மூன்றாவது மனுவையும் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம். அதற்கும் ஆதார் நகல் கேட்டிருக்கிறார்கள்.